மலையேறும் பழைய காருக்கு எந்த எஞ்சின்?

திருச்சிராப்பள்ளியிலிருந்து வடக்கே துறையூர் சென்று, சோபனபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் பாதையை உங்களில் சிலராவது அறிந்திருப்பீர்கள். பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. கடல் மட்டத்திற்கு மேல் 500 முதல் 1000 மீட்டர் வரை உயரமுடையது. ஏற்காட்டைப் போலப் பெயர் பெற்றதன்று. ஆயினும் ஒரு பழைய காரின் எஞ்சினைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் நம் மாவட்டத்தில் இல்லை என்பேன். அடிவாரம் வரை ஒழுங்காக ஓடிய வண்டி, தன் குறைகளை முதல் சில வளைவுகளிலேயே சொல்லிவிடும்.

என் அக்காவின் கணவர் மலைமேல் ஒரு பள்ளியில் ஆசிரியர். அவரிடம் 1997ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று உள்ளது. ஊரில் யாருக்கேனும் இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில், துறையூரில் பிரசவமான பெண்ணையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு திரும்பும்போது, பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. பிறந்து ஐந்து நாளான குழந்தையோடு ஒரு மணி நேரம் மழையில் காத்திருந்திருக்கிறார்கள். மறுவாரம் அத்தான் என்னிடம் வந்தார்.

"மாப்பிள்ளை, இந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜென் கார் எஞ்சினைப் போடலாம் என்கிறார்கள். உடைப்புக்கு வந்த வண்டியில் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதாம். நீ இயற்பியல் வாத்தியார்தானே, கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார்.

நான் கணக்குப் போடாமலேயே, "போடுங்கள் அத்தான், 39 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 50 வருகிறதே" என்று சொல்லிவிட்டேன். வகுப்பறையில் மாணவன் இப்படிச் சொன்னால் உட்கார வைத்திருப்பேன். அன்றிரவு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தபோதுதான் என் தவறு எனக்கே தெரிந்தது. அந்தக் கணக்கை நீங்களும் என்னோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பு இயற்பியலுக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

ஏற்றம் கேட்கும் விசை

மாருதி 800 காரின் எடை ஏறத்தாழ 650 கிலோகிராம். ஐந்து பேரும் இரண்டு மூட்டைகளும் ஏறினால் மொத்தம் 1000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மலைச்சாலைகளைப் பொதுவாக 100 மீட்டர் தொலைவுக்கு 6 முதல் 8 மீட்டர் வரை ஏறும்படி அமைப்பார்கள். இடையிடையே இதைவிடச் செங்குத்தான இடங்களும் வரும். நாம் 100க்கு 10 என்று எடுத்துக்கொள்வோம்.

சாய்தளத்தில் வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 1000 × 9.8 × 0.1 = 980 நியூட்டன். டயர்கள் உருள்வதால் ஏற்படும் உராய்வு இன்னும் ஒரு 150 நியூட்டன் இருக்கும். மெதுவாகப் போவதால் காற்றின் தடையை விட்டுவிடலாம். ஆக மொத்தம் 1130 நியூட்டன்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாகக் கொண்டால் ஒரு வினாடியில் 8.3 மீட்டர் நகர்கிறது. விசையை வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும்: சுமார் 9.4 கிலோவாட். குதிரைத்திறனில் சொன்னால் 13க்குச் சற்றுக் குறைவு.

இங்கேதான் நான் பென்சிலைக் கீழே வைத்தேன். இந்தக் காரின் எஞ்சின் புதிதில் 39 குதிரைத்திறன் தருவது. மலைக்கு வேண்டியது 13. மூன்று மடங்கு கையிருப்பு இருந்தும் வண்டி ஏன் திணறுகிறது?

விடை, அந்த 39 எங்கே கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 5500 சுற்றுச் சுழலும்போதுதான் அது கிடைக்கும். கொண்டை ஊசி வளைவில் யாரும் எஞ்சினை அப்படி அலற விடுவதில்லை. ஓட்டுநர் பயன்படுத்துவது 2000 முதல் 3000 சுற்று வரைதான். அந்த இடத்தில் நாம் பார்க்க வேண்டியது திருப்புவிசையை. குதிரைத்திறன் என்பது திருப்புவிசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. விளம்பரத்தில் அச்சிடப்படும் எண் அந்தப் பெருக்கலின் உச்சம் மட்டுமே.

மாருதி 800 எஞ்சினின் திருப்புவிசை 2500 சுற்றில் சுமார் 59 நியூட்டன்-மீட்டர். இதைக் கியர்பெட்டி பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. முதல் கியரில் மொத்தப் பெருக்கம் ஏறத்தாழ 15½ மடங்கு, இரண்டாவதில் 9.4, மூன்றாவதில் 5.8. சக்கரத்தின் ஆரம் கால் மீட்டர். பற்சக்கரங்களில் வீணாவது போக 88 சதவீதம் வந்து சேர்கிறது என்று கொள்வோம்.

மூன்றாம் கியரில் சக்கரம் தரையைத் தள்ளும் விசை 59 × 5.8 × 0.88ஐ 0.25ஆல் வகுத்தால் வரும் 1200 நியூட்டன். தேவை 1130. ஆகவே புது எஞ்சின் ஐந்து பேரோடு மூன்றாம் கியரிலேயே, சற்று முனகிக்கொண்டு, இந்த ஏற்றத்தை ஏறிவிடும். இரண்டாம் கியரில் 1950 நியூட்டன் கிடைக்கும், தாராளம்.

இப்போது எஞ்சின் தேய்ந்து 30 சதவீதம் வலுவிழந்தது என்று வைத்துப் பாருங்கள். மூன்றாம் கியரில் 840 நியூட்டன்தான், வண்டி ஏறாது. இரண்டாவதில் 1365, நேர் ஏற்றத்தில் ஏறும். ஆனால் கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் சரிவு 100க்கு 15 வரை போகலாம். அங்கே வேண்டியது 1620 நியூட்டன். இரண்டாம் கியர் கைவிட்டுவிடும். முதல் கியரில் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்ந்துதான் போகவேண்டும். அத்தான் கடந்த இரண்டு ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தது இதைத்தான். தாளில் வந்த எண்களும் அவர் கையில் கியர்கோல் உணர்ந்ததும் ஒத்துப் போயின.

அப்படியானால் நம் முன் இருக்கும் கேள்வி, பெரிய எஞ்சின் வேண்டுமா என்பதன்று. இழந்த 30 சதவீதத்தை மீட்க எது மலிவான வழி என்பதே.

பட்டறையில் ஒரு பாயில் விதி

பாலக்கரைப் பக்கம் எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வண்டியைக் கொண்டுபோய், "அண்ணே, ஜென் எஞ்சின் போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டேன். "போடலாம் சார். முதலில் இதுக்கு என்ன நோவுன்னு பார்ப்போமா?" என்றார். மருத்துவரிடம் போய் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பவனைப் போல் நின்றேன்.

அவர் மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினார். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினில் சதுர செண்டிமீட்டருக்கு 12 கிலோகிராம் அளவில் காட்டும். அத்தான் காரில் முதல் இரண்டு உருளைகளில் 9, மூன்றாவதில் 7.

மாணவர்களே, இந்த 12 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலேறும்போது வாயுவின் பருமன் 8.7இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பாயில் விதிப்படி அழுத்தம் 8.7 மடங்காக வேண்டும். ஆனால் விரைவாக அழுத்தும்போது வாயு சூடாகிவிடுமே? வெப்ப மாற்றீடற்ற மாற்றம் என்று கொண்டு 8.7இன் அடுக்கு 1.4 எனக் கணக்கிட்டால் 20 மடங்குக்கு மேல் வருகிறது. அழுத்தமானி காட்டுவது இரண்டிற்கும் இடையில். உள்வால்வு சற்றுத் தாமதமாக மூடுவதாலும், உருளைச் சுவர் வெப்பத்தை வாங்கிக்கொள்வதாலும், ரிங்குகளின் இடுக்கில் சிறிது கசிவதாலும் 20 என்பது 12க்கு இறங்குகிறது. புத்தகத்தில் இரண்டு தனித்தனிப் பாடங்களாகப் படித்தவை, எண்ணெய்ப் பிசுக்குள்ள ஒரு துளைக்குள் சமரசம் செய்துகொள்வதைப் பார்க்க விரும்புவோர் ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பார்க்கலாம்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு உருளையிலும் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி அளந்தார். முதல் இரண்டிலும் 9 என்பது 11½ ஆக உயர்ந்தது. மூன்றாவதில் 7 என்பது 8 ஆனதோடு சரி. ஆயில், பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் உயர்ந்தால் குறை ரிங்கிலும் உருளையிலும் இருக்கிறது என்று பொருள். உயராவிட்டால் கசிவு மேலே, வால்விலோ தலைப்பகுதியின் கேஸ்கெட்டிலோ இருக்கிறது. மூன்றாம் உருளையின் வெளிவால்வு கருகியிருக்கும் என்று அவர் அப்போதே சொன்னார். பிறகு திறந்து பார்த்தபோது அப்படியே இருந்தது.

கடையில் கிடைக்கும் எஞ்சின்கள்

இருந்தாலும் மாற்று வழிகளை ஒதுக்கிவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பழைய சிறு கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி எழுகிறது. மாருதி 800 முதன்முதலில் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 1986இல் புது உடல் பெற்று, 2014 வரை உற்பத்தியானது. அதனால் அதன் எஞ்சினும் உறவுமுறை எஞ்சின்களும் பழைய உதிரிபாகச் சந்தைகளில், குறிப்பாகச் சென்னைப் புதுப்பேட்டையில், இன்றும் கிடைக்கின்றன.

முதலில் அதே வகை எஞ்சின். 68.5 மில்லிமீட்டர் விட்டமும் 72 மில்லிமீட்டர் வீச்சும் உள்ள மூன்று உருளைகள், மொத்தம் 796 கன செண்டிமீட்டர். வேறொரு காரிலிருந்து எடுத்தால் எதையும் வெட்டாமல், ஒட்டாமல் பொருந்தும். ஆனால் இருபது ஆண்டு ஓடிய எஞ்சினை எடுத்துவிட்டு, எத்தனை ஆண்டு ஓடியது என்றே தெரியாத இன்னொன்றை வைப்பது, பழைய செருப்பைக் கொடுத்து வேறொருவர் செருப்பை வாங்குவது போலத்தான். வாங்குவதானால் அழுத்தமானியோடு போகவேண்டும். ஆம்னி வேனின் எஞ்சினும் இந்தக் குடும்பமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஆம்னியில் அது முன் இருக்கைக்கு அடியில் நீளவாக்கில் இருந்து பின்சக்கரங்களை ஓட்டுகிறது. மாருதி 800இல் முன்புறம் குறுக்குவாக்கில் இருந்து முன்சக்கரங்களை ஓட்டுகிறது. எனவே சுற்றியுள்ள பாகங்களைப் பழைய எஞ்சினிலிருந்து மாற்றிப் பொருத்தாமல் அப்படியே தூக்கி வைக்க முடியாது.

இரண்டாவது, பின்னாளில் ஆல்டோ காரிலும் வந்த பன்னிரண்டு வால்வு எஞ்சின். அளவு அதே 796. குதிரைத்திறன் 45க்கு மேல். பார்வைக்கு ஆசையாக இருக்கிறது அல்லவா? திருப்புவிசையைப் பாருங்கள்: 59க்குப் பதில் 62. கூடுதல் வால்வுகள், வேகமாகச் சுழலும்போது நிறையக் காற்றை உள்ளே விடுவதற்காக. 2500 சுற்றில் ஏறும் நமக்கு அவற்றால் பெரிய ஆதாயமில்லை. மேலும் இந்த எஞ்சினுக்குக் கார்புரேட்டர் கிடையாது. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, உணர்விகள், அவற்றின் வயரிங் முழுவதும், டேங்கினுள் அழுத்தமுள்ள பெட்ரோல் பம்பு எல்லாம் வேண்டும். எஞ்சின் மலிவாகக் கிடைத்துவிடும். வயர்க் கட்டு கிடைப்பதுதான் அரிது. சிலர் மூன்று உணர்விகளின் இணைப்பை விட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். அது கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, அத்தான் கேட்ட ஜென் எஞ்சின். 1993இல் வந்த இந்தக் காரின் எஞ்சினில் 72 மில்லிமீட்டர் விட்டமும் 61 மில்லிமீட்டர் வீச்சுமுள்ள நான்கு உருளைகள். 993 கன செண்டிமீட்டர். திருப்புவிசை சுமார் 71 நியூட்டன்-மீட்டர். இங்கே ஒரு எளிய விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றைத் தானே உறிஞ்சும் இத்தகைய பெட்ரோல் எஞ்சின்களில், 100 கன செண்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 நியூட்டன்-மீட்டர் கிடைக்கும். 796க்கு 59, 993க்கு 71. இரண்டும் விதிக்குப் பொருந்துகின்றன. பருமன்தான் திருப்புவிசையைத் தீர்மானிக்கிறது. மற்றவையெல்லாம் அது எந்தச் சுழல் வேகத்தில் கிடைக்கும் என்பதை நகர்த்துகின்றன. ஜென் எஞ்சினில் அந்த உச்சம் 4500 சுற்றுக்கு அருகில் இருக்கிறது. 2500 சுற்றில் அதைவிடக் குறைவே கிடைக்கும்.

ஆகவே நல்ல நிலையிலுள்ள 800 எஞ்சினோடு ஒப்பிட்டால், மலையில் இதன் உண்மையான ஆதாயம் மிகச் சிறிது. அதற்காக நாம் கொடுப்பது என்ன? நான்கு உருளைகள் குறுக்காக நிற்க அகலம் வேண்டும். எஞ்சினைத் தாங்கும் கைகளை வெட்டி ஒட்ட வேண்டும். சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் நீளம் ஒத்துவர வேண்டும். ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டும். வெல்டிங் வைத்த தாங்கு கை ஒன்று மலைப்பாதையில் விட்டுப்போனால் என்னவாகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். எஞ்சினின் விலை, முழுச் செலவின் தொடக்கம் மட்டுமே.

டீசலைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு காலத்தில் நம் ஊர் வாடகை அம்பாசடர்களில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் வைப்பது சாதாரணமாக இருந்தது. அம்பாசடர் அதைத் தாங்கியது. அதன் எஞ்சின் அறையில் ஓர் ஆள் இறங்கி நின்று வேலை செய்யலாம். சிறிய காரின் கதை வேறு. டீசல் எஞ்சினில் காற்றை 20 மடங்குக்கு மேல் அழுத்துவதால் அதன் சுவர்களும் தண்டுகளும் கனமாக இருந்தாக வேண்டும். ஜென் காரில் 1998இல் வந்த பெஜோ டீசல் எஞ்சின் 1527 கன செண்டிமீட்டர். அதை 650 கிலோ வண்டியின் மூக்கில் வைத்தால் வில்லும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் மாறியாக வேண்டும். தொழிற்சாலைகளே எஞ்சினை மட்டும் மாற்றுவதில்லை. 1990களின் தொடக்கத்தில் அம்பாசடருக்கு இசுசு 1800 எஞ்சினை வைத்தபோது, ஐந்து கியருள்ள புதுப் பெட்டியையும் சேர்த்தே வைத்தார்கள்.

மின்மோட்டார் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த வழி. நின்ற நிலையிலேயே முழுத் திருப்புவிசை தரும், மலைக்கென்றே பிறந்தது. அரை கிலோமீட்டர் உயரத்துக்கு 1000 கிலோவைத் தூக்கும் நிலை ஆற்றல் 49 இலட்சம் ஜூல், அதாவது 1.4 கிலோவாட்-மணி அளவுதான். பெட்ரோலில் இதே வேலைக்கு, எஞ்சினின் பயனுறுதிறன் 20 சதவீதம் என்றால், முக்கால் லிட்டர் செலவாகும். இறங்கும்போது மின்மோட்டார் அந்த ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பியும் தரும். ஆனால் அங்கீகாரம் பெற்ற மாற்றுத் தொகுதியை, அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் பொருத்த வேண்டும். மின்கல அடுக்கின் விலையோ அத்தானின் காரின் விலையைப் போலப் பல மடங்கு. சிக்கனம் என்ற நம் நிபந்தனையில் அது இன்று தேறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பட்டறைகளில் இதை யாரும் முதலில் சொல்வதில்லை. அதனால் சற்று அழுத்திச் சொல்கிறேன். காரின் எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை அவ்வாறே உறுதி செய்தது. அதே வகை எஞ்சினை மாற்றினாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்றுப் புது எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். 796 இருந்த இடத்தில் 993 வைத்தால் பதிவுக்கும் வண்டிக்கும் பொருத்தமே இல்லாமல் போகிறது. சொந்தக் காரின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், அத்தானின் காருக்கு 2027இல் அடுத்த சோதனை. அப்போது எண் ஒத்துவராது. அதற்கு முன் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இதையே காரணமாகக் காட்டக்கூடும். நள்ளிரவில் பிறர் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இது சிறிய விஷயமன்று.

பழைய எஞ்சினைப் புதுப்பித்தால் அதன் உடலும் எண்ணும் அப்படியே இருக்கும். ஆர்.சி. புத்தகத்தைத் தொட வேண்டியதில்லை.

செய்தது என்ன?

உருளைகளைக் கடைந்து அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன்களும் புது ரிங்குகளும் போட்டார்கள். விட்டம் 68.5இலிருந்து 69 ஆனதால் எஞ்சினின் பருமன் 796இலிருந்து 808 ஆகிவிட்டது என்று நான் மகிழ்ச்சியோடு கணக்கிட்டுச் சொன்னேன். மெக்கானிக் சிரித்துவிட்டு, "அந்தப் பன்னிரண்டு சி.சி.க்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்க சார்" என்றார். வால்வுகளைத் தேய்த்து அமர்த்தி, கருகியதை மாற்றி, பேரிங்குகளையும் ஆயில் பம்பையும் புதிதாக்கினார்கள்.

ஆனால் அன்று மழையில் வண்டி நின்றதற்கு எஞ்சின் மட்டும் காரணமில்லை. இதை நான் கணக்கில் தவறவிட்டிருந்தேன். பெட்ரோல் தரும் வெப்பத்தில் சக்கரத்துக்குப் போகும் அளவுக்குக் குறையாத ஒரு பங்கு குளிர்நீருக்குள் போகிறது. நம் கணக்குப்படி பத்துக் கிலோவாட்டுக்கு மேல். வீட்டுத் தண்ணீர் சூடேற்றி ஐந்தின் வெப்பம்! சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே இதை வாங்கிக்கொள்ளும். மலையில் 15 கிலோமீட்டரில் மின்விசிறி ஒன்றுதான் துணை. அந்த விசிறியை இயக்கும் வெப்ப ஸ்விட்சு வேலை செய்யவில்லை. போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ரேடியேட்டர்க் குழாய்களில் பாதிக்கு மேல் உப்புப் படிந்து அடைத்திருந்தது.

ரேடியேட்டர் மூடியும் தளர்ந்திருந்தது. அது வெறும் மூடியன்று. பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போன்றது. உள்ளே சுமார் 0.9 வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கிக்கொண்டு, நீரின் கொதிநிலையை 118 டிகிரி வரை உயர்த்துகிறது. சுருள்வில் தளர்ந்துவிட்டால் நீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் 97 டிகிரியே போதும். மூடியை மாற்ற ஆன செலவு, அன்றைக்குப் பட்டறையில் எங்கள் மூவருக்கும் ஆன சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு.

கார்புரேட்டரைப் பற்றி ஒரு குறிப்பு. ஆயிரம் மீட்டரில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவதால் திறனும் அந்த அளவுக்குக் குறையும். கலவையில் பெட்ரோல் சற்று அதிகமாகிவிடும். இப்போது பம்புகளில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எரியக் காற்றும் குறைவாகவே வேண்டும். அதனால் பழைய ஜெட் அளவில் கலவை மெலிந்துவிடும். மலை ஒரு பக்கம் இழுக்க, எத்தனால் மறுபக்கம் இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று முழுதும் ஈடு செய்துவிடும் என்று நம்பாமல், அடிவாரத்தில் எஞ்சினைச் சூடாக்கிப் பிளக்கின் நிறம் பார்த்துச் சரி செய்தார் மெக்கானிக். 1997இல் இந்த எரிபொருளுக்காகச் செய்யப்படாத ரப்பர்க் குழாய்களையும் டயஃபிரத்தையும் மாற்றிவிட்டார். எஞ்சின் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பழைய கார் வைத்திருப்போர் இதைச் செய்துகொள்வது நல்லது.

இறக்கத்தையும் மறக்க வேண்டாம். ஏறும்போது சேர்த்த 49 இலட்சம் ஜூலும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். 16 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. முழுவதையும் பிரேக்கில் கொட்டினால் பிரேக் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சின் தன் உராய்வாலும் உறிஞ்சலாலும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். அழுத்தம் நன்றாக உள்ள எஞ்சின் இதிலும் உதவும்.

வேலை முடிந்து பதினைந்து நாள் கழித்து நானும் அத்தானும் மட்டும் ஏறிப் பார்த்தோம். புது ரிங்குகள் சுவரோடு பழகும்வரை அதிகப் பளு கூடாது என்பது மெக்கானிக்கின் கட்டளை. நேர் ஏற்றத்தில் மூன்றாவது கியர், வளைவுகளில் இரண்டாவது. வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை. மேலே போய் மூடியைக் கையால் தொட்டுப் பார்க்கப் போன என்னை அத்தான் தடுத்துவிட்டார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ஆயிலை மாற்றி, மறுபடி அழுத்தம் பார்த்தோம்: 12, 12, 11½. அடுத்த சனிக்கிழமை ஐந்து பேரோடும் இரண்டு மூட்டை மரவள்ளிக் கிழங்கோடும் துறையூர்ச் சந்தைக்குப் போய், திரும்பி வரும்போது அரிசி மூட்டையோடு ஏறினார்கள். முதல் கியரைத் தொட்டது ஒரே ஒரு வளைவில்தான் என்று அத்தான் அன்றிரவு தொலைபேசியில் சொன்னார்.